பழைய கார் தண்ணீர் குடிப்பதில்லை

பழைய கார் என்றால் தண்ணீர் குடிக்கத்தான் செய்யும் என்பதும், காலையில் ரேடியேற்றரை நிரப்பிக்கொண்டு புறப்பட்டு டிக்கியில் ஒரு கலன் கிணற்று நீரையும் ஏற்றிக்கொண்டால் போதும் என்பதும், அதற்கு மேலும் எஞ்சின் சூடேறினால் தேமோஸ்ராற்றைக் கழற்றி எறிந்துவிட வேண்டும் என்பதும் வல்வெட்டித்துறையிலும் அதைச் சூழ்ந்த வடமராட்சி ஊர்களிலும் பழைய கார் வைத்திருப்போரிடையே கேள்விக்கு இடமற்ற முடிபுகளாக நிலைத்துவிட்டன. அவற்றுள் ஒன்றேனும் உண்மையன்று என்பதையும், அவற்றை நம்பி ஓட்டப்படும் ஒவ்வொரு நாளும் எஞ்சினின் ஆயுளிலிருந்து கழிக்கப்படும் நாள் என்பதையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கருத்தை அதன் வலிமையான வடிவில் எடுத்துரைப்பதே நேர்மை. அதற்கு மூன்று தூண்கள் உண்டு. அறுபது எழுபது ஆண்டு ஓடிய எஞ்சினில் இணைப்புகள் தேய்ந்திருக்கும், ஆகவே நீர் குறைவது இயல்பு என்பது முதலாவது. இங்கிலாந்தின் குளிருக்கென ஆக்கப்பட்ட எஞ்சின் யாழ்ப்பாணத்து வெயிலில் கொதிக்காமல் என்ன செய்யும் என்பது இரண்டாவது. மூன்றாவதே பலம் மிக்கது: 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டின்மீது விழுந்த பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் அற்றுப்போன ஆண்டுகளில், சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் கிணற்று நீரை மட்டுமே குடித்து நோயாளரையும் மணமக்களையும் சுமந்தன அல்லவா என்ற வரலாற்றுச் சான்று அது. அந்நாள்களில் சைக்கிள் ரியூப்பைக் கீற்றாக வெட்டி வெடித்த ஹோசில் இறுக்கிச் சுற்றி வண்டியை ஊர்சேர்த்த மெக்கானிக்குகளின் கைத்திறன் எவரும் தலைவணங்க வேண்டியது. ஆயினும் வேறு வழியற்றபோது கையாண்ட உபாயத்தை, வழி பிறந்து ஆண்டுகள் பல கடந்த பின்னரும் கோட்பாடாகப் போற்றுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது. அவர்கள் ரியூப்பைச் சுற்றியது ஹோஸ் கிடைக்காததால். ரியூப் ஹோசைவிடச் சிறந்தது என்பதால் அன்று.

1. நீர் எங்கே போனது? இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருப்பதற்காகவே "குடிக்கிறது" என்ற சொல் கண்டுபிடிக்கப்பட்டதோ என ஐயுற வேண்டியிருக்கிறது. எஞ்சின் பெற்றோலை எரிக்கிறது; தேய்ந்த எஞ்சின் ஒயிலையும் சிறிது எரிக்கிறது; நீரை அது எரிப்பதில்லை. உருளைகளைச் சூழ்ந்த நீரறைகள், அவற்றிலிருந்து சூடான நீரை மேலே கொண்டுசெல்லும் ஹோஸ், நீரை ஆற்றும் ரேடியேற்றர், ஆறியதைத் திருப்பி அனுப்பும் கீழ் ஹோஸ், சுழற்சியைத் தள்ளும் வோட்டர் பம்ப் ஆகிய யாவும் சேர்ந்து ஒரு மூடிய சுற்று. அதில் உள்ள நீர் வெப்பத்தைச் சுமந்து திரிகிறதே ஒழியச் செலவாவதில்லை. எனவே குறைந்த நீர் மூன்று வழிகளுள் ஒன்றினூடாகவே போயிருக்க வேண்டும்: வெளியே ஒழுகியிருக்கலாம், அழுத்தம் தாங்காத மூடியைக் கடந்து கழிகுழாயால் வழிந்திருக்கலாம், அல்லது எஞ்சினின் தலைப்பகுதிக்கும் உடற்பகுதிக்கும் இடையே இறுக்கப்பட்டிருக்கும் ஹெட் கஸ்கற் பழுதாகியோ அப்பகுதிகளில் ஒன்று வெடித்தோ, உருளைக்குள்ளோ ஒயிலுக்குள்ளோ புகுந்திருக்கலாம். நான்காவது வழி இல்லை. வயது இம்மூன்றையும் உண்டாக்கக்கூடும். ஆனால் வயதினூடாக நீர் வழிவதில்லை.

1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்த அன்னபூரணிப் பாய்க்கப்பலைக் கட்டிய ஊர் வல்வெட்டித்துறை. கப்பலின் அடியில் நீர் ஊறினால் கடலில் இருக்கும்வரை இறைப்பதும், கரைசேர்ந்ததும் பலகை இடுக்கைத் தேடிக் கலப்பற்று அடைப்பதும் இங்கு தலைமுறை தலைமுறையாக அறிந்த ஒழுங்கு. இறைப்பதையே திருத்தம் என்று எந்தக் கப்பல் தண்டையலும் கொண்டதில்லை. அதே ஊரில், காலைதோறும் ரேடியேற்றரில் நீர் ஊற்றுவது திருத்தமாகக் கொள்ளப்படுவது வியப்புக்குரியது.

குறையாத நீரையும் குறைந்ததாக எண்ணும் பிழை ஒன்றையும் இங்கே குறித்தாக வேண்டும். பழைய பிரித்தானியக் கார்கள் பலவற்றில், வழியும் நீரைச் சேர்த்து மீண்டும் உள்ளிழுத்துக்கொள்ளும் போத்தல் கிடையாது. கழுத்துவரை நிரப்பினால் சூடேறி விரியும் நீர் கழிகுழாயால் வெளியேறி, ஆறியபின் மட்டம் ஓர் அங்குலமோ சற்று மேலோ தாழ்ந்து நிற்கும். அதுவே அதன் இயல்பான மட்டம். அதைக் கண்டு மறுநாளும் கழுத்துவரை நிரப்புபவர் மறுநாளும் அதே அளவை இழப்பார். ஒழுக்கே இல்லாத கார் இவ்வாறு ஆண்டுக்கணக்கில் "குடிப்பதாக"ப் பெயரெடுத்துவிடுகிறது.

2. வெயில் கொதிக்கவைக்குமா? ரேடியேற்றர் வெளியேற்றக்கூடிய வெப்பம், உள்ளேயுள்ள நீருக்கும் வெளியேயுள்ள காற்றுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. நீர் 85 பாகையிலும் காற்று 20 பாகையிலும் இருப்பின் வேறுபாடு 65. காற்று 33 பாகைக்கு ஏறினால் அது 52. அதாவது வெயில் எடுத்துக்கொள்வது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. நல்ல நிலையிலுள்ள ரேடியேற்றரின் ஆற்றலில் அதற்கு மேலான மிச்சம் உண்டு; இல்லாவிடின் இதே வகைக் கார்கள் மலையகத்துப் பாதைகளில் ஏறியிருக்க முடியாது. குடாநாட்டிலோ குன்று என்று சொல்ல எதுவுமில்லை. எஞ்சினுக்கு மிகக் கடுமையான சுமையான நெடிய ஏற்றம் இல்லாத தரையில், கடல் மட்டத்தில், ஒரு கார் கொதிக்கிறதென்றால் பழுது காரில் இருக்கிறது, காலநிலையில் அன்று.

காலநிலையின் உண்மையான குற்றம் வேறு, அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. வடக்கே திறந்த கடலைப் பார்த்திருக்கும் இவ்வூரில் உப்புக்காற்று ரேடியேற்றரின் முகத்தில் நேரே படிகிறது. நீர் செல்லும் குழாய்களோடு ஈயப்பற்றால் ஒட்டப்பட்டு, வெப்பத்தைக் காற்றுக்குக் கடத்தும் மெல்லிய செப்புத் தகடுகள் அந்த உப்பில் அரிக்கப்பட்டுக் குழாயிலிருந்து பிரிந்துவிடுகின்றன. விரல் நுனியால் மெல்ல அழுத்தினால் பச்சை நிறத் தூளாக உதிரும் தகடுகளைக் கொண்ட ரேடியேற்றர் ஒரு சொட்டும் ஒழுகாது, ஆனால் ஆற்றவும் ஆற்றாது. அதில் எத்தனை கலன் நீரை ஊற்றியும் பயனில்லை. வெயிலைப் பழித்துக்கொண்டிருப்பவர் காரின் முகப்பைத் திறந்து அந்தத் தகடுகளை ஒருமுறை தொட்டுப் பார்ப்பதில்லை என்பதே துயரம்.

3. கிணற்று நீர் செலவில்லாததா? யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மீது அமைந்தது. அதன் நிலத்தடி நீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டே கிணற்றுக்கு வருகிறது. குளிர்ந்த நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, நீர் சூடேறும்போது கரைந்தவாறே இருக்க இயலாமல், மிகச் சூடான பரப்பிலேயே கல்லாகப் படிகிறது. தேநீர்க் கேத்தலின் அடியில் வெண்படலம் படிவதும் இதனாலேயே. எஞ்சினில் மிகச் சூடான பரப்பு எது? எரியறையையும் புகைவால்வையும் சூழ்ந்த நீரறைச் சுவர். அதாவது வெப்பம் தடையின்றி நீருக்குக் கடக்க வேண்டிய இடம். சுண்ணாம்புப் படிவு வெப்பத்தைக் கடத்தும் திறன் வார்ப்பிரும்பின் திறனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு.

"ஐந்து லீற்றர் நீரில் எவ்வளவு சுண்ணாம்பு இருந்துவிடப் போகிறது?" என்று கேட்கப்படும். கேள்வி நியாயமானது, விடைதான் இக்கோட்பாட்டை வீழ்த்துகிறது. லீற்றருக்கு 400 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீர் என்று கணக்குக்காகக் கொண்டால், மொறிஸ் மைனர் கொள்ளும் ஐந்து லீற்றரளவு நீரில் இரண்டு கிராம்தான் இருக்கும். ஒழுக்கில்லாத சுற்றில் அந்த இரண்டு கிராம் ஒருமுறை படிந்து அத்தோடு முடிந்துவிடும். ஆனால் நாளொன்றுக்கு அரை லீற்றர் ஊற்றப்படும் காரில் நாள்தோறும் 0.2 கிராம் புதிதாகச் சேர்கிறது. ஓராண்டில் அது 73 கிராம். அதில் ஒரு பகுதி ஒழுகும் நீரோடு வெளியேறினாலும், நீர் ஆவியாகப் போகும் காரில் நீர் மட்டுமே போகிறது, சுண்ணாம்பு முழுவதும் தங்கிவிடுகிறது. ஆகவே கேடு கிணற்று நீரால் மட்டுமன்று, ஒழுக்கைத் திருத்தாமல் கிணற்று நீரை ஊற்றிக்கொண்டே இருப்பதால் விளைகிறது. இரு வழக்கங்களும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன: ஒழுக்கு படிவைச் சேர்க்கிறது, படிவு சூட்டை ஏற்றுகிறது, சூடு அழுத்தத்தைக் கூட்டி ஒழுக்கைப் பெரிதாக்குகிறது. கடலோரக் கிணறுகளின் உவர்நீரிலுள்ள குளோரைட்டு, இரும்பையும் அலுமினியத்தையும் அரிப்பது இதற்கு மேலதிகம்.

இதன் விளைவைக் கண்ணால் காண விரும்புவோர், மைனரின் எஞ்சின் உடற்பகுதியின் பின்புறத்தில், நான்காம் உருளையின் அருகே உள்ள சிறு வடிகுழாயைத் திறந்து பார்க்கலாம். கிணற்று நீரில் வளர்ந்த எஞ்சினாயின் அதிலிருந்து பெரும்பாலும் நீர் வராது. கம்பியை நுழைத்துக் குத்தினால் முதலில் துருவும் சுண்ணாம்பும் குழைந்த செம்பழுப்புச் சேறு வரும். அதன் பின்னரே நீர். ரேடியேற்றரைக் கழற்றிக் கழுவி மாட்டிய பின்னும் சூடு தணியாத கார்களில் சேறு இருப்பது இங்கே, ரேடியேற்றரில் அன்று.

மாற்று என்ன? பனிக்கட்டி உறையாத நாட்டில் கூலன்ற் எதற்கு என்பது வழமையான எதிர்க்கேள்வி. கூலன்ற் எனப்படும் எத்திலீன் கிளைக்கோல் கலந்த திரவத்தின் பணி உறைவைத் தடுப்பது மட்டுமன்று. அதில் அரிப்பைத் தடுக்கும் சேர்மங்கள் உள்ளன, கொதிநிலையையும் அது சில பாகை உயர்த்துகிறது. அதைக் கடைகளில் கிடைக்கும் பற்றரித் தண்ணீருடன், அதாவது அமிலம் கலவாத வடித்த நீருடன், கலந்து பயன்படுத்துவதே முறை. வடித்த நீரை மட்டும் ஊற்றினால் சுண்ணாம்பு படியாது, ஆனால் இரும்பு துருப்பிடிக்கும். கூலன்ற் இனிப்புச் சுவையுள்ள கொடிய நஞ்சு; காரிலிருந்து வடித்தெடுத்ததைக் குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அணுகும் இடத்தில் வைக்கலாகாது, கிணற்றடியில் கொட்டவே கூடாது.

4. தேமோஸ்ராற் குற்றவாளியா? வெப்பத்தால் விரியும் பொருளொன்றின் விசையால் திறந்து மூடும் இந்தச் சிறு வால்வு, எஞ்சின் குளிர்ந்திருக்கையில் நீரை ரேடியேற்றருக்குச் செல்லவிடாமல் தடுத்து, உரிய சூடு வந்ததும் வழிவிடுகிறது. மூடியபடியே இறுகிவிட்ட தேமோஸ்ராற் எஞ்சினைக் கொதிக்கவைக்கும் என்பது உண்மை. அத்தகைய வேளையில் நடுவழியில் அதைக் கழற்றி வீடு சேர்வதும் சரியே. அந்த உண்மையிலிருந்து, தேமோஸ்ராற் இல்லாத எஞ்சினே நல்ல எஞ்சின் என்ற முடிபுக்குத் தாவுவதுதான் பிழை. முழுதாகத் திறந்து நிற்கும் வால்வு நீரோட்டத்துக்குத் தரும் தடை சிறிது. ஆகவே நல்ல தேமோஸ்ராற் உள்ள கார் சூடேறுகிறதென்றால் காரணம் வேறிடத்தில் உள்ளது.

கழற்றியதால் விளைவன இரண்டு. பல எஞ்சின்களில் நீர் ரேடியேற்றருக்குப் போகாமல் நேரே பம்புக்குத் திரும்பும் குறுக்குவழி ஒன்று உண்டு. பல ஜப்பானியக் கார்களில், திறக்கும் தேமோஸ்ராற்றே அந்தக் குறுக்குவழியை மூடுகிறது. அதைக் கழற்றினால் வழி நிரந்தரமாகத் திறந்துகொண்டு, சூடான நீரின் ஒரு பங்கு ஆறாமலே சுற்றுகிறது. சூட்டைத் தணிக்கச் செய்த வேலை சூட்டைக் கூட்டுகிறது. மொறிஸ் மைனரின் எஞ்சினுக்கு, தேமோஸ்ராற் இல்லாமல் ஓட்ட நேரின் அதன் இடத்தில் இட வேண்டிய உலோக வளையம் ஒன்றைத் தயாரிப்பாளரே வழங்கியமை இந்தக் குறுக்குவழியைக் கருதியே. இரண்டாவது விளைவு மறைவானது: வீட்டிலிருந்து நெல்லியடிச் சந்தைக்குப் போய்வரும் குறுந்தூர ஓட்டத்தில் எஞ்சின் ஒருபோதும் உரிய சூட்டை அடைவதில்லை, எரியாத பெற்றோல் உருளைச் சுவரைக் கழுவி ஒயிலில் கலக்கிறது, நீராவி ஒயிலில் தங்குகிறது, தேய்மானம் பெருகுகிறது.

தேமோஸ்ராற்றுக்காக வாதாடுவோரும் ஒரு தவறான வாதத்தை முன்வைப்பதுண்டு: நீர் வேகமாக ஓடினால் ரேடியேற்றரில் ஆற நேரமிராது என்பது. அது ஏற்கத்தக்கதன்று, வேகமாகச் சுழலும் நீர் ஒரு சுற்றில் குறைவாக ஆறினாலும் அதிக சுற்றுகள் வருகிறது. சரியான முடிபைப் பிழையான காரணத்தால் தாங்கினால், அந்தக் காரணம் விழும்போது முடிபும் விழுந்ததாக எண்ணப்படும்.

ஐயம் தீர்க்கக் கராச்சுக்குச் செல்ல வேண்டியதும் இல்லை. கழற்றிய தேமோஸ்ராற்றை நூலில் கட்டி, நீர் நிறைந்த பாத்திரத்தில் அடி தொடாமல் தொங்கவிட்டு, வெப்பமானியுடன் அடுப்பில் ஏற்றினால், அதன் விளிம்பில் பொறித்துள்ள 74 அல்லது 82 பாகையை ஒட்டி வால்வு விலகுவதைக் காணலாம். விலகாவிடின் புதியது மாற்ற வேண்டும். விலகினால் அதன்மேல் பழி சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

5. "இனி ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும்." ஊற்றி ஊற்றி அலுத்தபின் ஒரே தாவலில் எட்டப்படும் இம்முடிபும் ஆராய்வைத் தவிர்ப்பதன் இன்னொரு வடிவமே. மலிவானதிலிருந்து விலையுயர்ந்ததை நோக்கி, வெளியிலிருந்து உள்ளே செல்வதே நோயறியும் ஒழுங்கு. முதலில் ரேடியேற்றர் மூடி. நீர் சாதாரண அழுத்தத்தில் 100 பாகையில் கொதிக்கும்; சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அழுத்தத்தைத் தாங்கும் மூடி அதை ஏறத்தாழ 111 பாகைக்கு உயர்த்துகிறது. வில் தளர்ந்த மூடியையோ, அளவு பொருந்தாத மூடியையோ, துணி சுற்றிய தகர மூடியையோ அணிந்த கார் இந்தப் பதினொரு பாகையை இழந்து, பழுதேதுமின்றியே வழிந்து கொட்டும்.

அடுத்து, விடியலில் எஞ்சின் முற்றாக ஆறியிருக்கையில் பார்க்க வேண்டும். சூடான எஞ்சினில் ஒழுகும் நீர் தரையைத் தொடுமுன் ஆவியாகிவிடுவதால், நிலத்தில் ஈரமில்லை என்பது ஒழுக்கில்லை என்பதற்குச் சான்றாகாது. ஹோஸ் கிளிப்புகளின் ஓரம், பம்பின் அடியிலுள்ள கசிவுத் துளை, பம்பையும் ஹெட்டையும் இணைக்கும் மைனரின் பேர்பெற்ற குட்டை ஹோஸ், உடற்பகுதியின் பக்கங்களில் அடிக்கப்பட்டிருக்கும் தகட்டு மூடிகள் ஆகிய இடங்களில் வெண்சுண்ணாம்புத் தடமோ துருக்கோடோ இருந்தால் வழி அகப்பட்டது. அகப்படாவிடின், மூடியின் இடத்தில் கைப்பம்பைப் பொருத்தி மூடிக்குரிய அளவுக்கு அழுத்தமேற்றிக் கால்மணி நேரம் கவனிக்க வேண்டும்.

சூடேறும் வேளையும் பேசும். வல்லை வெளியின் காற்றில் அமைதியாக ஓடிய கார், தைப்பொங்கலன்று பட்டம் பார்க்க வந்த கூட்டத்தினூடே ஊர்கையில் கொதித்தால், குறை காற்றோட்டத்தில்: தளர்ந்த ஃபான் பெல்ற், அடைபட்ட அல்லது உதிர்ந்த தகடுகள். ஊருக்குள் அமைதியாயிருந்து வல்லை வெளியில் வேகமெடுக்கையில் கொதித்தால் குறை நீரோட்டத்தில்: உட்குழாய் அடைப்பு, பம்பின் உறிஞ்சலில் சப்பையாகும் கீழ் ஹோஸ்; அல்லது தீப்பொறி பிந்தி விழும் ரைமிங். இந்தக் கடைசிக் காரணம் குடாநாட்டில் தனிக்கவனம் பெற வேண்டியது, ஏனெனில் மண்ணெண்ணெய்க்காக அன்று பின்தள்ளி வைத்த ரைமிங் சில கார்களில் அவ்வாறே கைமாறி வந்திருக்கலாம்.

இவை யாவும் கடந்த பின்னரே கஸ்கற். ரேடியேற்றரில் ஓயாத குமிழி, சூடான பின்னும் நிற்காத வெண்புகை, மற்றவற்றினும் மாறாகக் கழுவிவிட்டாற்போலிருக்கும் ஒரு பிளக், அடுத்தடுத்த இரு உருளைகளில் குறைந்த அழுத்தம் என்பன அதன் சான்றுகள். ஒயில் மூடியின் கீழ் சிறிது பாலாடை கண்டவுடன் தீர்ப்பு வழங்கலாகாது. குறுந்தூர ஓட்டத்தின் ஈரமும் அதை உண்டாக்கும், தேமோஸ்ராற் கழற்றிய காரில் மிகுதியாகவே உண்டாக்கும். ஆராயாமல் ரேடியேற்றரில் இடப்படும் மஞ்சள் தூளும் முட்டை வெள்ளையும் ஒழுக்கை அடைக்கலாம். ரேடியேற்றரின் நுண்குழாய்களையும் அவை அதே போல அடைக்கும்.

6. "அன்றும் ஓடியது, இன்றும் ஓடும்." ஓடியவை கண்முன் நிற்கின்றன, ஓடாமற்போனவை இரும்புக் கடைக்குப் போய்விட்டன, அவற்றை எவரும் சான்றுக்கு அழைப்பதில்லை. எஞ்சியவை எஞ்சியதற்கும் காரணம் நீரன்று, உலோகம். ஏ40இலும் மைனரிலும் ஹெட்டும் உடலும் வார்ப்பிரும்பு. இரண்டும் ஒரே அளவில் விரிகின்றன, கொதித்தாலும் பெரும்பாலும் மீள்கின்றன. அந்த இரும்பும் கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த கிணற்று நீரை ஊற்றினால் வெடிக்கும் என்பதை அனுபவமுள்ள மெக்கானிக் எவரும் மறுக்கார்.

இன்று "பழைய கார்" என்பதன் பொருள் மாறிவிட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் வழி திறக்கும்வரை, கைவசமிருந்த ரொயோட்டா கொரோலாக்களும் நிசான் சணிகளுமே ஓட வேண்டியிருந்தன. அவற்றிற் பலவும் இப்போது முப்பது ஆண்டைக் கடந்தவை. அவற்றின் எஞ்சின்களில் பல, இரும்பு உடலின்மேல் அலுமினிய ஹெட் அமைந்தவை. அலுமினியம் இரும்பைப்போல ஏறத்தாழ இருமடங்கு விரிவதால் ஒரே ஒரு கடுமையான கொதிப்பில் ஹெட் வளைந்து, கஸ்கற் பிடிப்பிழந்து, தட்டையாகச் சீவியெடுக்கும் வரை நீரைத் தாங்காது. வெப்ப மீற்றரைப் பார்த்து ஓட்டினால் தப்பலாம் என்பதும் உறுதியன்று: நீர் மட்டம் உணரியின் கீழே தாழ்ந்துவிட்டால் அது நீரையன்றி வெற்றிடத்து ஆவியையே அளக்கும், ஆதலால் எஞ்சின் எரிந்துகொண்டிருக்கையில் முள் இறங்கிக் காட்டவும் கூடும். மைனரிலோ அத்தகைய மீற்றரே பொருத்தப்படவில்லை. பானட்டின் இடுக்கில் ஆவி எழுந்த பின் எஞ்சினை நிறுத்தும் பழக்கம் இரும்பு ஹெட்டின் காலத்துக்குரியது; அலுமினிய ஹெட்டில் ஆவி எழும் வேளைக்குள் கேடு நிகழ்ந்து முடிந்திருக்கும், அதன் செலவு அன்று காலையில் இறுக்கப்படாத ஒரு ஹோஸ் கிளிப்பின் விலையோடு ஒப்பிடத்தக்கதன்று.